கப்பல் ஏறும் முன் கரையில் முடிக்க வேண்டியவை

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வருடம் தவறாமல் கப்பல் சுற்றுலா போகிறவர்கள் இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாகக் கிளம்பும் குடும்பங்கள். இவர்களைக் கப்பலில் கவனித்தால் ஒன்று தெரியும். முதல்முறை வந்தவர் மூன்று நாளும் ஓடிக்கொண்டே இருப்பார். இணையம் கிடைக்கவில்லை என்று ஒரு வரிசை, சைவச் சாப்பாடு எங்கே என்று ஒரு வரிசை, பில்லில் ஏன் இவ்வளவு என்று இன்னொரு வரிசை. பழகியவர் கடலைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் அதே வேலைகள் இருந்தன. எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிட்டு ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த வேலைகளைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

நம்மவர்களுக்குக் கப்பல் புதிதல்ல. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், கப்பல் என்றதும் அவருக்கு நினைவு வருவது டெக்கில் பாய் விரித்துப் படுத்ததும், ஒரு வாரம் வாந்தி எடுத்ததும்தான். "எனக்கு வேண்டாம்பா, தலை சுத்தும், நீங்க போயிட்டு வாங்க" என்பார். அந்தப் பயம் நியாயமானது. அவரிடம் வாதாடாமல் அளவைச் சொல்லுங்கள். ரஜூலா சுமார் 8,500 டன் கப்பல், வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்தது. இன்று நம் பக்கம் வரும் கெந்திங் டிரீம் 150,000 டன்னுக்கு மேல், 335 மீட்டர் நீளம். அது பெரும்பாலும் ஓடுவது மலாக்கா நீரிணையில். ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் தீபகற்பம் என்று இரண்டு பக்கமும் நிலம் காற்றைத் தடுக்கும் கடல் அது.

எந்தத் துறைமுகம்?

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. போர்ட் கிள்ளான் குரூஸ் முனையம் இருப்பது பூலாவ் இண்டாவில். கேடிஎம் ரயில் போய் நிற்கும் பெலாபுஹான் கிள்ளான் நிலையம் வேறு இடம். அந்த நிலையத்தின் எதிரே இருப்பது பூலாவ் கெத்தாம் போகும் படகுத்துறை. ரயிலில் பெட்டியோடு வந்து இறங்கி, "பெரிய கப்பல் எங்கே?" என்று கேட்பவர்களை அங்கே பார்க்கலாம். அங்கிருந்து முனையத்துக்கு நடக்க முடியாது. பாலம் கடந்து தீவுக்குள் வெகுதூரம் காரில் போக வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிளம்புகிறவர் ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட்போர்ட்ஸ் கொள்கலன் துறைமுகமும் அதே தீவில்தான் இருக்கிறது. லாரிகள் வரிசை பிடித்தால் கிள்ளானில் குடியிருப்பவருக்கே நேரம் போதாது. திரும்பி வரும்போது கிராப் கார் உடனே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். தெரிந்த ஓட்டுநரிடம் போக, வர இரண்டுக்கும் சேர்த்துப் பேசி வைப்பது நல்லது.

போர்ட் கிள்ளானிலேயே ஏற முடிகிற பயணங்கள் எண்ணிக்கையில் குறைவு. பெரும்பாலும் சிங்கப்பூர்தான். அங்கே இரண்டு முனையங்கள் உண்டு: ஹார்பர்ஃபிரண்டில் ஒன்று, மரினா பே குரூஸ் சென்டர் என்று இன்னொன்று. பின்னது 2012இல் திறக்கப்பட்டது. மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம். எந்த முனையம் என்று சீட்டில் பார்த்து, குடும்பத்தில் இருவருக்காவது சொல்லிவையுங்கள்.

கப்பல் கிளம்பும் அன்றே கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் கிளம்பிப் போய் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஜோகூர் பாலத்து நெரிசலைப் பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் யாராலும் கணிக்க முடியாது. முந்தின நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள், அல்லது ஜோகூர் பாருவில் தங்கி விடியற்காலை கடந்துவிடுங்கள். ஒரு இரவு விடுதிக் காசு வீண் என்று தோன்றும். கப்பலைத் தவறவிட்டால் போவது முழுச் சீட்டுக் காசு.

காசு

விளம்பரத்தில் இருக்கும் விலை பயணத்தின் விலை அல்ல. அது ஒரு அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதன் மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஆள் ஒன்றுக்கு இரவு ஒன்றுக்கு என்று கணக்கிடும் பணியாளர் சேவைக் கட்டணம். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் கிட்டத்தட்ட இருவர் காசைக் கட்ட வேண்டியிருக்கும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் போகும் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறையும், சில சமயம் இலவசம் என்றே போடுவார்கள். ஆனால் துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் அவர்களுக்கும் உண்டு. "எல்லாம் சேர்த்து நாலு பேருக்கு எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியை முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வார நாள் பயணம் வார இறுதியைவிட மலிவு. தீபாவளி, சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை என்றால் விலை ஏறும்.

மாட்டா கண்காட்சியில் நல்ல சலுகைகள் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே அவசரப்பட்டு அடுத்த வருடத்துக்கும் அதற்கடுத்த வருடத்துக்கும் சேர்த்துக் காசு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1993இல் ஸ்டார் குரூசஸ் தொடங்கி இந்த வட்டாரத்துக்கே கப்பல் சுற்றுலாவைப் பழக்கிய குழுமம், கெந்திங் ஹாங்காங் என்ற பெயரில் 2022 ஜனவரியில் கலைப்பு மனு போட்டது. கோவிட் காலத்தில் கப்பல்கள் ஓடாமல் கிடந்ததன் விளைவு அது. அதே ஆண்டு ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புது நிறுவனம் கெந்திங் டிரீமைச் சிங்கப்பூரிலிருந்து மறுபடி ஓட்டத் தொடங்கியது. பெரிய பெயர் இருந்தாலும் முன்பணத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பயணம் பக்கத்தில் இருக்கும்போது கட்டுங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். முகவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறை

பால்கனி அறைதான் வேண்டும் என்று முதல்முறை போகிறவர் கேட்பார். பழகியவர் கேட்பது, "எந்த மாடி, நடுவிலா ஓரத்திலா?" கப்பல் ஆடும்போது முன்முனையும் பின்முனையும் அதிகம் ஏறி இறங்கும்; உயர்ந்த மாடிகள் அதிகம் சாயும். நடுப்பகுதியில், கீழ் மாடியில் அசைவு மிகக் குறைவு. தலைசுற்றல் உள்ளவருக்கு மேல் மாடிப் பால்கனியைவிடக் கீழ் மாடியில் நடுவில் இருக்கும் ஜன்னல் அறை நல்லது. அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்றும் மாடிப் படத்தில் பாருங்கள். மேலே நீச்சல் குளத்து டெக் என்றால் காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நடன அரங்கம் என்றால் நள்ளிரவு தாண்டியும் தாளம் கேட்கும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் மாடியைத் தேர்ந்தெடுங்கள்.

மலாக்கா நீரிணை அமைதியானது என்றேன். எல்லா வழியும் அப்படியல்ல. மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கம் அந்தமான் கடல் கொந்தளிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்சீனக் கடலில், வியட்நாம் போகும் வழியில், வடகிழக்குப் பருவக்காற்று பலமாக இருக்கும். தலைசுற்றல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் தரும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

கடப்பிதழும் பெட்டியும்

திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளின் கடப்பிதழை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். சிங்கப்பூர் வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பலில் போய்விட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும்போது மறுபடி ஒன்று நிரப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது; அதைக் கடலில் வைத்து நிரப்பத் திண்டாடுவார்கள். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இணைய வருகை அட்டை கேட்கிறது. உங்கள் பயணத்துக்கு அது தேவையா என்பதைக் கப்பல் நிறுவனம் அனுப்பும் கடிதத்தில் பாருங்கள். இரண்டு அட்டைக்கும் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் அரசாங்கத்துடையது அல்ல.

பெட்டியில் எது கூடாது என்பதுதான் முக்கியம். ரைஸ் குக்கர், மின் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, நீட்டிப்பு மின் பலகை எல்லாம் பரிசோதனையில் எடுத்துவைக்கப்படும். கடலில் தீதான் மிகப் பெரிய ஆபத்து. ரஜூலாவுக்குப் பின் அதே வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் நடந்த தீ விபத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே காரணத்தால் ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு எதற்கும் அனுமதி இல்லை. தினமும் விளக்கேற்றிப் பழகிய அம்மாவுக்கு இதை வீட்டிலேயே எடுத்துச் சொல்லி, பேட்டரியில் எரியும் சிறு விளக்கும் சாமி படமும் வைத்துக் கொடுங்கள். கப்பலில் வைத்துச் சொன்னால் மூன்று நாளும் மனம் சங்கடப்படும்.

வேப் பழக்கம் உள்ள இளையவர் வீட்டில் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம், தாய்லாந்திலும் தடை.

கையில் ஒரு சிறு பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் கடப்பிதழ், எல்லா மருந்துகளும், ஒரு மாற்றுடை, மின்னேற்றி. பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டால் அது அறைக்கு வந்துசேர மாலையாகலாம். மதிய மாத்திரை அதில் மாட்டிக்கொண்டால் தொல்லை. இரவு உணவுக்கு உடை என்ன என்று யோசிக்க வேண்டாம். ஒரு நல்ல புடவையோ வேட்டி சட்டையோ கப்பலின் விசேஷ இரவுக்குத் தாராளமாகப் போதும்.

சைவச் சாப்பாடு

பலரும் ரைஸ் குக்கர் கொண்டுபோக நினைப்பது சாப்பாட்டுப் பயத்தால்தான். அந்தப் பயம் இனி வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து பறந்து வந்து சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே சமையலறைகள் மாறியிருக்கின்றன. கெந்திங் டிரீமில் சைவமும் ஜைன உணவும் தனியாகச் சமைக்கிறார்கள், ஹலால் சான்றிதழும் உண்டு. மற்றப் பெரிய கப்பல்களிலும் இந்தியச் சாப்பாடு ஏதாவது ஒரு மூலையில் இருக்கும்.

ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் முட்டை வரும். சீனப் பாணியில் வதக்கிய கீரையில் சிப்பிச் சாறு இருக்கலாம். கங்கோங்கில் பெலாச்சான் இருக்கலாம். தாய்லாந்துக் குழம்பில் மீன் சாறு இருக்கலாம். பார்த்தால் தெரியாது. முட்டை, மீன் சாறு, சிப்பிச் சாறு, பெலாச்சான் வேண்டாம் என்று பொருள் பொருளாகச் சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர் ஜைன உணவு என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். சீட்டு வாங்கும்போதே முகவரிடம் எழுதிக் கொடுங்கள். ஏறிய அன்று மதியம் பிரதான உணவகத்துக்குப் போய் மேற்பார்வையாளரிடம் மறுபடி சொல்லுங்கள். இந்த இரண்டாவது முறைதான் வேலை செய்கிறது. பணியாளர்களில் நம் ஊர் முகங்கள் இருப்பார்கள். "அம்மா, நாளைக்கு என்ன வேணும்னு முந்தின நாள் ராத்திரியே சொல்லிட்டீங்கன்னா கிச்சன்ல தனியா எடுத்து வைக்கச் சொல்லிடுவேன்" என்று ஒரு தமிழ்நாட்டுப் பையன் என் மனைவியிடம் சொன்னான். அன்றிலிருந்து முந்தின இரவே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை விரதமோ, சஷ்டியோ, எதுவும் அதனால் தடைபட்டதில்லை.

வீட்டில் சமைத்த சோறு, குழம்பு எடுத்துப் போக விடமாட்டார்கள். கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத முறுக்கு, மிக்சர் பொட்டலங்களைப் பொதுவாக விடுவார்கள். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கும்போது மூடி ஒட்டிய பொட்டலமாகக் கேளுங்கள்.

பஃபே கரண்டியை ஆயிரம் கைகள் தொடுகின்றன. கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸ் கைச் சுத்திகரிப்புத் திரவத்தால் எளிதில் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. பரிமாறிக்கொண்டு வந்த பிறகு, சாப்பிட உட்காரும் முன், ஒருமுறை கை கழுவுங்கள்.

பெரியவர்களோடு போகும்போது

அப்பா அம்மாவை அழைத்துப் போக இதைவிட வசதியான பயணம் எனக்குத் தெரிந்து இல்லை. பெட்டியை ஒரே முறை பிரித்தால் போதும், தினமும் பேருந்து ஏறி இறங்க வேண்டாம், களைத்தால் அறை நான்கு நிமிட நடையில். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவருக்கு அதற்கென்று அகலமான கதவும் படியில்லாத குளியலறையும் உள்ள அறைகள் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் பதிய வேண்டும். சாதாரண அறையின் குளியலறை வாசலில் ஓர் உயர்ந்த விளிம்பு இருக்கும். இரவில் தட்டி விழுபவர்கள் உண்டு. செருகும் சிறு இரவு விளக்கு ஒன்று கொண்டுபோங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் கவனிக்க: அறையில் இருப்பது பானம் வைக்கும் சிறு குளிர்ப்பெட்டி, அதன் குளிர் சீராக இருக்காது. மருந்துக்கென்று தனிக் குளிர்ப்பெட்டி கேளுங்கள். முன்பே எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் மிக அதிகம். வாங்கும் காப்புறுதியில் கப்பல் பயணமும், நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று பத்திரத்தில் படித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையையும், இருபத்து நான்கு வாரம் தாண்டிய கர்ப்பிணியையும் கப்பல்கள் ஏற்றுவதில்லை. வளைகாப்பு முடித்துக் கூட்டிப்போகலாம் என்று திட்டமிடாதீர்கள்.

ஏறிய அன்று

முதலில் கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றுங்கள். கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடிக்கும். அதன் ரோமிங் கட்டணம் உங்கள் வழக்கமான திட்டத்துக்குள் வராது. வீட்டாரிடம் கரையிலிருந்தே சொல்லிவிடுங்கள்: துறைமுகத்தில் நிற்கும்போதுதான் பேசுவோம்.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே போய் நிற்பது என்று காட்டித்தருவார்கள். இதைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிய கோஸ்டா கொன்கோர்டியாவில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி கட்டாயம் என்று உலக விதியே மாறியது. பயிற்சி முடிந்ததும் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் அறையிலிருந்து அந்த இடம்வரை படிக்கட்டு வழியாக ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். ஆபத்தில் மின்தூக்கி ஓடாது.

செலவுக் கணக்குக்குக் கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அது திரும்பப் பல நாள் ஆகும். கப்பலின் நாணயம் சிங்கப்பூர் டாலரா அமெரிக்க டாலரா என்று பாருங்கள். சூதாட்டக் கூடத்தைத் தாண்டித்தான் பல இடங்களுக்கு வழி இருக்கும். அதில் ஒரு வெள்ளி கூடப் போடாமல் இருப்பதே என் தீர்மானம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கரை இறங்கும் நாள்

பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் பியரில் அணையும். அது ஜார்ஜ் டவுனின் வாசல். நிறுவனம் விற்கும் பேருந்துச் சுற்றுலா அங்கே தேவையே இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையைத் தாண்டி நடந்தால் லெபோ பசார், அதையொட்டிய குயீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். காலையிலேயே இறங்குங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள், வெயிலும் தாங்காது. புக்கெட்டில் மட்டும் கதை வேறு. சில கப்பல்கள் கரையை ஒட்டாமல் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆளை இறக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தப் படகு கஷ்டம். அவர் கப்பலிலேயே இருந்துவிடலாம், அன்று குளமும் மின்தூக்கியும் காலியாக இருக்கும்.

புக்கெட் நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம். அதனால் ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து அதை மட்டும் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்புங்கள். தனியாகச் சுற்றப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது. தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போக வேண்டும்.

கடைசி இரவு பெட்டிகளைச் சீட்டு கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய உடையையும் காலை மருந்தையும் அதற்குள் வைத்துவிடாதீர்கள். அன்று இரவே பில்லைத் தொலைக்காட்சியிலோ செயலியிலோ வரி வரியாகப் பாருங்கள். குடிக்காத பானம், எடுக்காத தண்ணீர் போத்தல் ஏதாவது ஏறியிருந்தால் இரவு பத்து மணிக்குக் கவுண்டரில் வரிசை இருக்காது, ஐந்து நிமிடத்தில் முடியும். காலையில் போனால் அரை கப்பலும் வரிசையில் நிற்கும். சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்குக் கப்பல் அணைந்தாலும் எல்லாரும் இறங்கி, பெட்டி எடுத்து, குடிநுழைவு முடிய பதினொரு மணி ஆகிவிடும். கோலாலம்பூர் பேருந்துக்குப் பிற்பகல் ஒரு மணிக்கு முந்திய சீட்டு எடுக்காதீர்கள்.